பதினாறு வயதுக்குப் புள்ளி போடுதல்

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த நாற்பது ஆண்டுகளுள் பதினொரு ஆண்டுகள் விளையாட்டுப் பக்கத்தில் கழிந்தன. கிறிக்கெற், உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம் என்று கண்டதையும் காணாததையும் எழுதியிருக்கிறேன். ஆனால், பேஸ்போல் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அது அமெரிக்கர்களின் கிட்டிப்புள்ளு என்பதே எங்கள் ஆசிரியபீடத்தில் நிலவிய பொதுவான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை என் மனதிலிருந்து அகற்றியவன், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த என் பதினான்கு வயதுப் பேரன்.

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ரொறன்ரோவில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். பேரன் தடித்த கொப்பி ஒன்றை வைத்திருந்தான். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளை படிக்கிறானே என்று மகிழ்ந்து எட்டிப் பார்த்தால், உள்ளே முழுவதும் பெயர்களும் இலக்கங்களும். ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணி எதிர்காலத்துக்கென வளர்த்துவரும் இளைஞர்களின் பட்டியல் அது. 'ப்ரொஸ்பெக்ற்' என்று அவர்களைச் சொல்கிறார்கள். முப்பது பெயர்கள்; ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து புள்ளிகள்.

"இது என்ன, றிப்போர்ட் கார்ட்டா?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பப்பா. ஆனால் நூறுக்கு இல்லை. இருபதிலிருந்து எண்பது வரைக்கும்தான்" என்றான்.

நூற்றுக்கு எண்பத்தைந்து எடுத்தாலும் மிச்சப் பதினைந்தும் எங்கே என்று கேட்கும் சமூகத்தில் பிறந்தவன் நான். அதனால் இந்த விநோதமான அளவுகோல் என்னை உடனே ஈர்த்துவிட்டது. பேஸ்போல் உலகில் 'ஸ்கவுட்' எனப்படும் திறமை தேடுவோர் பல தசாப்தங்களாகப் பயன்படுத்திவரும் அளவுகோல் அது. துடுப்பால் பந்தைச் சந்திக்கும் திறன், தூர அடிக்கும் வலிமை, ஓட்ட வேகம், பந்தெறியும் கை, களத்தடுப்பு என்று ஐந்து பாடங்கள். 50 புள்ளி என்றால், மேஜர் லீக் எனப்படும் உச்ச மட்டத்தில் விளையாடும் சராசரி வீரனுக்குச் சமம். 60 என்றால் நல்லவன். 80 என்பது ஒரு தலைமுறையில் சிலருக்கே வாய்ப்பது. கடைசியில் நிற்பவனுக்கும் 20 உண்டு. பூச்சியம் என்று ஒருவருக்கும் கிடையாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பம்மாவின் மீன் குழம்புக்கு 70 வழங்கிய பேரன், அப்பப்பாவின் பேஸ்போல் அறிவுக்குத் தாராளமாக 20 போட்டான்.

அந்த இருபதைச் சற்றேனும் உயர்த்தும் நோக்கத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை எல்லை தாண்டிப் பஃபலோ நகருக்கு அழைத்துச் சென்றார்கள். அமெரிக்க விசா என் கடவுச்சீட்டில் ஏற்கெனவே இருந்தது. பஃபலோ பைசன்ஸ் என்பது புளூ ஜேய்ஸின் கீழ் இயங்கும் அணி. மைனர் லீக் ஏணியின் மேற்படி அது. இந்த ஏணியை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியிலே டொமினிக்கன் குடியரசில் நடக்கும் கோடைக்கால லீக். அடுத்து புளோரிடாவில் பயிற்சி முகாம் அணி. அதன்பின் டனீடின், வன்கூவர், நியூ ஹம்ஷயர், பஃபலோ என்று நான்கு ஊர்கள், நான்கு படிகள். பஃபலோவிலிருந்து ரொறன்ரோவுக்குக் காரில் இரண்டு மணித்தியாலம். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலப் பாதையை வாழ்நாள் முழுவதும் கடக்காமலே போனவர்கள் எண்ணற்றோர்.

ஆட்டத்தைவிட என் கண்ணில் பட்டவர்கள், துடுப்பாளருக்குப் பின்புற ஆசனங்களில் கைக்கருவிகளோடு அமர்ந்து பந்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்த சிலர். கைதட்டவில்லை, சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டேயிருந்தார்கள். என் பழைய தொழில் ஞாபகத்துக்கு வந்தது. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் கைதட்டாமல் உட்கார்ந்து இளைஞர்களை எடை போட்டவன். அதைப்பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

புளூ ஜேய்ஸின் கதையில் முதலில் சொல்லவேண்டியது விளடிமிர் கெரேரோ இளையவரின் கதை. தந்தையும் பெரும் வீரர். 2018 இல் பேஸ்போல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர். தந்தை மொன்றியல் அணிக்கு ஆடிய காலத்தில், 1999 இல், மகன் அந்நகரிலே பிறந்தார். வளர்ந்தது டொமினிக்கன் குடியரசில். 2015 ஜூலையில், பதினாறு வயதில், 3.9 மில்லியன் டொலர் கொடுத்து ரொறன்ரோ அவரை ஒப்பந்தம் செய்தது. வெளிநாட்டுச் சிறுவர்களுக்கு ஓர் அணி செலவிடக்கூடிய தொகைக்கு அப்போதே ஓர் ஒதுக்கீடு இருந்தது. அந்த ஒதுக்கீட்டை உயர்த்திக்கொள்வதற்காக, தம்மிடமிருந்த இளம் வீரர்கள் இருவரை லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் பந்தைச் சந்திக்கும் அவரது திறனுக்கு மதிப்பீட்டாளர்கள் அபூர்வமான 80 புள்ளியையே வழங்கினார்கள். 2019 ஏப்பிரலில் மேஜர் லீக்கில் கால் வைத்தார். 2025 ஏப்பிரலில் 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் என்று புதிய ஒப்பந்தம் எழுதினார்கள். பணம் போட்ட இடத்தில் பயிர் விளைந்த கதை இது.

இதைக் கேட்டதும், பணத்தைக் கொட்டினால் பலன் வரும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். பேரன் கொப்பியின் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

2016 ஆம் ஆண்டில் மெக்ஸிக்கோவின் ரிகுவானா நகரைச் சேர்ந்த அலஹாண்ட்ரோ கேர்க் என்ற இளைஞரை இதே அணி 30,000 டொலருக்கு எடுத்தது. உயரம் ஐந்தடி எட்டங்குலம், பருத்த உடல். ஓட்டத்தில் மெதுவோ மெதுவு. உடலை மட்டும் பார்த்துப் புள்ளி போடுபவர்கள் இவரைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பந்து தனக்குரியது, எந்தப் பந்தை விடவேண்டும் என்ற நிதானம் அவரிடம் இருந்தது. கிறிக்கெற்றின் விக்கெற் காப்பாளருக்கு ஒப்பான 'கட்சர்' இடத்தில் அமர்ந்து, 2022 இலும் 2025 இலும் நட்சத்திர அணியில் இடம்பிடித்தார். 2025 மார்ச்சில் ஐந்தாண்டுகளுக்கு 58 மில்லியன் டொலர் என்று ஒப்பந்தம் நீண்டது. அதே 2016 இல் வெனிசுவேலாவிலிருந்து 25,000 டொலருக்கு வந்தவர் கேப்ரியல் மொரேனோ. அவரும் நிமிர்ந்தார். ஆனால், 2022 டிசம்பரில் அரிசோனா அணிக்கு மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டே அந்த அணியோடு உலகத் தொடரின் இறுதிவரை சென்றார். மாறாக, 2018 இல் ஏறத்தாழ 3.5 மில்லியன் டொலர் பெற்ற ஒரெல்விஸ் மார்ட்டினஸ் 2024 ஜூனில் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். இரண்டு நாட்களில் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 80 ஆட்டங்களுக்குத் தடை செய்யப்பட்டார்.

ஆக, 3.9 மில்லியனும் சரி; 30,000 உம் சரி. பணம் அளப்பது திறமையை அல்ல. திறமை பற்றி அந்த நேரத்தில் நிலவும் நம்பிக்கையை. ஹூஸ்ரன் அணியின் ஹோசே அல்ரூவே இதற்கு இன்னொரு சாட்சி. ஐந்தடி ஆறங்குல உயரமே உள்ள இந்த வெனிசுவேலா இளைஞரை, தெரிவுப் பயிற்சியில் 'கட்டையன்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தந்தையின் தூண்டுதலால் மறுநாளும் போய் நின்றார். 2007 இல் கிடைத்தது 15,000 டொலர். பத்து ஆண்டுகள் கழித்து, 2017 இல், அமெரிக்கன் லீக்கின் அதிபெறுமதி வாய்ந்த வீரர் அவர்தான். அந்த மறுநாள் அவர் போகாமல் விட்டிருந்தால்? பேஸ்போல் உலகம் ஒன்றையும் இழந்ததாக உணர்ந்திருக்காது. அப்படித் திரும்பிப் போகாத எத்தனையோ அல்ரூவேக்களின் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை.

இந்த வெளிநாட்டு ஒப்பந்தங்களின் வரலாறு பெரும்பாலும் டொமினிக்கன் குடியரசின் கரும்புத் தோட்டங்களோடு பிணைந்தது. அந்நாட்டில் பிறந்து மேஜர் லீக்கில் முதன்முதல் ஆடியவர் ஒஸ்வால்டோ வேர்ஜில், ஆண்டு 1956. சீனி ஆலைகள் சூழ்ந்த சான் பெட்ரோ டி மக்கோரிஸ் என்ற ஒரே பட்டினத்திலிருந்து புறப்பட்ட வீரர்கள் பலர். ரொறன்ரோவின் ரொனி பெர்னாண்டஸும் அவ்வூர்க்காரரே. எபி குவெரேரோ என்ற புகழ்பெற்ற திறமை தேடுவோர் 1979 இல் அவரை அணிக்குச் சேர்த்தார். பின்னாளில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது அவருக்குக் கிடைத்தது. டொட்ஜர்ஸ் அணி 1987 இல் அந்நாட்டில் காம்போ லாஸ் பால்மாஸ் என்ற பயிற்சிக்கூடத்தைத் திறந்தது. இன்று ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் அங்கே ஒரு பயிற்சிக்கூடம் உண்டு.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால், விதியைக் கவனியுங்கள். அமெரிக்கச் சிறுவனை உயர்தரப் பாடசாலை முடித்த பின்னரே அணிகள் தெரிவு செய்யலாம். டொமினிக்கன் சிறுவனையும் வெனிசுவேலாச் சிறுவனையும் பதினாறு வயதிலேயே ஒப்பந்தம் செய்யலாம். பதினாறில் ஒப்பந்தம் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்றில் வாய்ப்பேச்சு முடிந்துவிடுகிறது. 'புஸ்கோன்' எனப்படும் உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் சிறுவர்களைப் பொறுக்கியெடுத்து, உணவும் இருப்பிடமும் கொடுத்து வளர்த்து, பின்னர் கிடைக்கும் பணத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வயதில் பிள்ளை பாடசாலைக்குப் போகிறானா என்பதைப் பற்றிப் பேச ஆளில்லை. வயது குறைந்தால் விலை கூடும் என்பதால் பிறப்புச் சான்றிதழ்களே மாறின. 2006 இல் பதினாறு வயதுச் சிறுவன் என்று நம்பி வாஷிங்டன் அணி 1.4 மில்லியன் டொலர் கொடுத்தது. அவருடைய பெயரும் வேறு, வயதும் நான்கு கூட என்பது 2009 இல் அம்பலமானது. மோசடிதான். ஆனால், இருபது வயதில் உள்ள அதே கை, அதே கண், அதே ஓட்டத்துக்கு ஒருவரும் அந்த விலை தரமாட்டார்கள் என்ற கணக்கை அந்தக் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

2017 முதல் ஒவ்வோர் அணியும் வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்குச் செலவிடும் தொகைக்கு மீறமுடியாத உச்சவரம்பு உண்டு. அதனால் எழுந்த விசித்திரம் ஒன்றையும் சொல்லவேண்டும். ஜப்பானின் இளம் பந்தெறி வீரர் ரொக்கி சசாக்கிக்கு இருபத்தைந்து வயது நிரம்பாதபடியால், டொமினிக்கன் சிறுவர்களுக்கான அதே பெட்டியிலிருந்துதான் அவருக்கும் பணம் கொடுக்கவேண்டும். 2025 ஜனவரியில் ரொறன்ரோ அவரைக் கவர முயன்றது. ஒதுக்கீட்டில் 2 மில்லியன் டொலரைக் கூட்டிக்கொள்வதற்காகக் கிளீவ்லண்ட் அணியிடமிருந்து மைல்ஸ் ஸ்ட்ரோ என்ற வீரரையும் அவரது சம்பளச் சுமையையும் சேர்த்து வாங்கியது. அன்றைய தினமே சசாக்கி டொட்ஜர்ஸைத் தெரிவுசெய்ததாக அறிவித்தார். பொன்னுருக்கி முடிய மாப்பிள்ளை வேறு வீட்டுக்குப் போன மாதிரி. அந்தப் பக்கத்தில் டொட்ஜர்ஸும் சசாக்கிக்காகப் பெட்டியைக் காலிசெய்ய நேர்ந்தபடியால், அவர்களிடம் வாய்ச்சொல் பெற்றுக் காத்திருந்த சிறுவர்கள் சிலர் வேறு அணிகளைத் தேடவேண்டியதாயிற்று. ஒரு நட்சத்திரத்தின் முடிவு, பெயர் தெரியாத பிள்ளைகளின் வீடுகளில் இடியாக விழுகிறது.

ஒப்பந்தம் கிடைத்தவர்களுக்கும் வாழ்வு உறுதியல்ல. ஒப்பந்தமாகும் சிறுவர்களில் மிகச் சிலரே மேஜர் லீக்கைக் காண்கிறார்கள். 2023 ஆம் ஆண்டுவரை மைனர் லீக் வீரர்களின் சம்பளத்தைக் கேட்டால் எங்கள் பத்திரிகை முதலாளிகளே வள்ளல்களாகத் தோன்றுவார்கள். அடிப்படியில் ஆண்டுக்கு 4,800 டொலர். உச்சப் படியில் 17,500. தொழிற்சங்கத்தில் சேர்ந்து முதல் கூட்டு ஒப்பந்தம் செய்த பின்னரே அவை 19,800 ஆகவும் 35,800 ஆகவும் உயர்ந்தன. டொமினிக்கன் கோடைக்கால லீக் சிறுவர்கள் அந்த ஒப்பந்தத்துள் அடங்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1978 ஆம் ஆண்டு. இலங்கைக்கு ரெஸ்ற் அந்தஸ்து கிடைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளுக்கிடையிலான போட்டியொன்றைப் பார்த்துவிட்டுக் கொழும்பு திரும்பிய நான், அதில் ஏழு விக்கெற்றுகளை வீழ்த்திய பதினேழு வயதுப் பந்துவீச்சாளன் ஒருவனைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். 'இன்னும் இரண்டு ஆண்டுகளில் இவரை இலங்கை அணியில் காண்போம்' என்று முடித்தேன். இரவு பத்து மணி. அச்சுக்கோப்பவர் தலைமாட்டில் நின்றார். பத்தியை முடிக்க ஒரு நல்ல வரி வேண்டியிருந்தது. எழுதினேன். அவ்வளவுதான். அவனை நான் பார்த்தது ஒரே ஒரு நாள்.

அழைப்பு வரவில்லை. அதன்பின் வந்த காலத்தை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2003 இல், ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில், வவுனியாவில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒருவர் என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். அவரேதான். தந்தை அந்தக் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினாராம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய ஆண்டில் மகனைக் கொழும்புக்கு அனுப்பி, கழகம் கழகமாக ஏறி இறங்க வைத்தாராம். பரீட்சை போயிற்று; கிறிக்கெற்றும் வாய்க்கவில்லை. குறை சொல்லும் தொனியே அவரிடம் இல்லை. தேநீர் வரவழைத்துத் தந்தார். விடைபெறும்போது மட்டும், "அண்ணை, நீங்கள் எழுதினதை நான் நம்பிப்போட்டன்" என்று சிரித்தார்.

பல்லாயிரம் செய்திகளைத் திருத்தியவன் நான். திருத்தமுடியாமல் போன வரி அதுவொன்றுதான்.

பேரனின் கொப்பியைப் பார்க்கையில் அந்தச் சிரிப்பே மனதில் ஓடியது. இதை அவனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நல்ல ஸ்கவுட் ரெண்டு புள்ளி போடுவார் அப்பப்பா. ஒன்று இப்ப எப்படி, மற்றது பிறகு எப்படி வரலாம் என்று. எவ்வளவு றிஸ்க் என்றும் எழுதுவார்" என்றான். நான் திகைத்துவிட்டேன். என் கட்டுரையில் இல்லாதிருந்தது அதுதான். அன்றைய திறமையை நான் சரியாகவே கண்டேன். ஏழு விக்கெற் பொய்யல்ல. ஆனால், 'வரலாம்' என்ற இடத்தில் 'காண்போம்' என்று எழுதினேன். ஒரு வினைமுற்றில் நேர்ந்த பிழை. தவறினால் விலை கொடுக்கப்போவது எழுதியவன் அல்லன் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஒக்ரோபரில் கொழும்பு திரும்பிவிட்டேன். புளூ ஜேய்ஸ் உலகத் தொடருக்குத் தெரிவாகியதும், அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து ஆட்டம் பார்ப்பது வழக்கமாயிற்று. ட்ரே யெசவேஜ் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் ஐந்தாவது ஆட்டத்தில் பந்தெறிந்தார். பேரனின் கொப்பியில் நான் கண்ட பெயர். 2024 இல் இருபதாவது தெரிவாக வந்தவர். 2025 ஏப்பிரலில் டனீடினில் சில நூறு பேர் முன்னிலையில் ஆடத் தொடங்கி, ஒரே பருவத்தில் நான்கு படிகளையும் தாண்டிச் செப்ரெம்பரில் ரொறன்ரோவை எட்டியவர். அன்று லொஸ் ஏஞ்சலிஸ் மைதானத்தில் டொட்ஜர்ஸின் பன்னிருவரை 'ஸ்ட்ரைக் அவுட்' செய்தார். ஒருவரையும் இலவசமாக நடக்கவிடவில்லை. எந்தப் பட்டியலும் இவ்வளவு விரைவை எதிர்பார்த்திருக்காது.

ஏழாவது, இறுதி ஆட்டம். எங்களுக்கு நவம்பர் 2, ஞாயிறு காலை. பதினொராவது இனிங்ஸ். ரொறன்ரோ 4, டொட்ஜர்ஸ் 5. கெரேரோ இரண்டாம் தளம்வரை அடித்து நம்பிக்கை ஊட்டினார். ஒருவர் ஆட்டமிழந்திருக்க, கடைசியில் துடுப்போடு வந்து நின்றவர் கேர்க். அந்த 30,000 டொலர்ப் பிள்ளை. துடுப்பு முறிந்தது, பந்து தரையோடு உருண்டது, இருவர் ஆட்டமிழந்தனர், தொடர் முடிந்தது.

தொலைபேசியில் பேரன் அழுதுகொண்டிருந்தான். அங்கே நள்ளிரவு கடந்திருந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கேர்க்குக்கு எத்தனை புள்ளி போடுவாய்?" என்று கேட்டேன். விக்கலுக்கிடையே, "அவருக்கு இனிப் புள்ளி போட ஏலாது அப்பப்பா. அவர் வந்திட்டார்தானே" என்றான்.

புதிய பட்டியல் தயாரிப்பதாகச் சில நாட்களின் பின் சொன்னான். ஐந்து பாடங்களோடு ஆறாவதாக ஒரு நிரல் போடச் சொன்னேன்: அந்தப் பிள்ளை பாடசாலை முடித்துவிட்டானா என்று. மறுநாள் பதில் வந்தது. தேடிப் பார்த்தானாம். முப்பது பேரின் உயரம், எடை, ஓட்ட வேகம் யாவும் கிடைத்தனவாம். வெளிநாட்டுச் சிறுவர்களுக்கு எதிரே அந்த ஒரு நிரல் மட்டும் வெறுமையாகவே இருக்கிறதாம்.

வெறுமையாகவே விடு, அழித்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.